கோமாளி மீனுக்கு அனிமோன் வாங்கும் முன்

கடையில் ‘நீமோ’ ஜோடி எடுப்பவர்கள் பலர் கையோடு ஒரு அனிமோனும் கேட்கிறார்கள். கடலில் இந்த மீன் ஒதுங்கி வாழும், கொட்டும் விரல்கள் கொண்ட உயிர் அது. மீன் பிழைத்துக்கொள்ளும். அனிமோன்தான் சில வாரங்களில் போய்ச் சேரும். போகும்போது தொட்டியையும் கெடுத்துவிட்டுப் போகும்.

கடலில் இந்த உறவு உயிர்ப் பிரச்சினை. மன்னார் வளைகுடாவின் சீபே கோமாளி மீன், ஹாடோனி என்ற கம்பள அனிமோனை விட்டு விலகினால் பெரிய மீன் வாயில் விழ வேண்டியதுதான். வீட்டுத் தொட்டியில் துரத்த யாரும் இல்லை. இன்று விற்பனைக்கு வரும் ஒசெல்லாரிஸ், பெர்குலா வகைகளில் நிறைய பொரிப்பகத்தில் பிறந்தவை. மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறை கைவந்து பல வருடம் ஆகிறது. அந்தக் குஞ்சுகள் பலவும் அனிமோனைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

அனிமோனுக்கோ வலுவான வெளிச்சம் வேண்டும். குறைந்தது 6 மாதம், முடிந்தால் ஒரு வருடம் தொட்டி ஓடி நிலைத்த தண்ணீர் வேண்டும். இடம் பிடிக்காவிட்டால் பாதத்தைப் பெயர்த்துக்கொண்டு கிளம்பிவிடும். ராத்திரி வேவ்மேக்கரில் (நீரோட்டம் உண்டாக்கும் விசிறி) மாட்டினால் காலையில் கூழ்தான் மிஞ்சும், அம்மோனியா ஏறி மற்ற மீன்களும் மூச்சு வாங்கும். வெள்ளை வெளேரென்று இருக்கிறதே என்று ஆசைப்பட்டு எடுப்பது உடம்புக்குள் இருந்து உணவு தந்த பாசியை இழந்த நோயாளி. பளீர் மஞ்சளில் இருப்பது பல சமயம் சாயம் போட்டது.

ஆகவே மீனுக்கு வேண்டியது ஒதுங்க ஓர் இடம், அவ்வளவுதான். ஆரம்பத்துக்கு எங்கள் சிபாரிசு நர்சரியில் கிடைக்கும் சாதாரண மண்தொட்டி. 4 அங்குல வாய் போதும். பெயின்ட், மெருகு, சிமென்ட் பூச்சு எதுவும் இருக்கக் கூடாது. ஏற்கெனவே உரம் போட்டுச் செடி வைத்ததும் வேண்டாம். தேய்த்துக் கழுவி, ஆர்.ஓ. தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, பாறையடியில் நீரோட்டம் குறைந்த பக்கமாகப் படுக்கவையுங்கள். மணலில் கால்வாசி புதைந்தால் உருளாது. அழகு குறைவு என்பவர்களுக்கு ஒரு ஆறுதல்: சில மாதங்களில் ஊதாப் பாசி படிந்து பாறையோடு பாறையாகிவிடும்.

சிலிக்கோனில் செய்த செயற்கை அனிமோன் வாங்கினால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே கம்பி தட்டுப்பட்டால் வேண்டாம், உப்புத் தண்ணீரில் துருப்பிடிக்கும். வெந்நீரில் போட்டு நிறம் இறங்கினாலும் வேண்டாம்.

உயிருள்ளதுதான் வேண்டும் என்றால் டோட்ஸ்டூல் லெதர் கோரல். காளான் குடை போன்ற இந்த மென்பவளத்தின் மேலே விரல் விரலாக நீளும் பாலிப்களுக்குள் ஒசெல்லாரிஸ் ஜோடி புரள்வது பார்க்க அனிமோன் மாதிரியே இருக்கும். குடை குறைந்தது 10 செ.மீ. அகலம் இருக்கட்டும். வளர்ந்த பெண் மீனே 8 செ.மீ. வரும், சின்னத் துண்டை அது இடித்தே படுக்கவைத்துவிடும்.

ஒட்டும்போதுதான் பலர் தவறுகிறார்கள். லெதரின் சதையில் பசை நிற்காது, வழவழப்பு சுரந்து கழன்றுவிடும். கல்லிலோ பிளக்கிலோ (பவளத்தை வளர்க்கும் சின்ன அடிக்கட்டை) ஏற்கெனவே வேர்பிடித்ததை வாங்கி, அந்தப் பிளக்கின் அடியில் சூப்பர் குளூ ஜெல் தடவிப் பாறையில் பதியுங்கள். நடு உயரம், மிதமான, மாறி மாறி வரும் நீரோட்டம். முதல் இரண்டு வாரம் விளக்கைப் பாதி அளவில் ஓட்டுங்கள். தண்ணீர் 1.025 அடர்த்தி, 25 முதல் 27 டிகிரி, கேஎச் (கார்பனேட் கடினத்தன்மை) 8–9, நைட்ரேட் 5–15 பிபிஎம். நைட்ரேட்டைச் சுத்தமாகப் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டு ‘ஏன் வாடுகிறது’ என்று கேட்காதீர்கள்.

திடீரென ஒருநாள் பாலிப் எல்லாம் உள்ளே போய், மேலே மெழுகு பூசியது போல ஒரு படலம் தெரியும். செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டவர்கள் உண்டு. அது தோல் உரிக்கிறது. சில நாள் முதல் இரண்டு வாரம்வரை ஆகும். நீரோட்டத்தைக் கொஞ்சம் கூட்டி, படலம் உரியத் தொடங்கியதும் பிப்பெட்டால் தண்ணீர் பீய்ச்சிவிட்டால் போதும். கறுத்து, கொழகொழத்து, நாற்றம் அடித்தால் அது அழுகல். புது பிளேடால் நல்ல சதை தெரியும்வரை வெட்டி எடுத்துவிட வேண்டும்.

லெதர் தன் பக்கத்துப் பவளங்களை ஒடுக்க ரசாயனம் கசியவிடும். 100 லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி ஆக்டிவேட்டட் கார்பன் வைத்து, மாதம் ஒருமுறை மாற்றுங்கள். நம் ஊர்க் கோடையில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் மென்பவளம் சுருண்டுவிடும். சில்லர் இல்லாதவர்கள் மேலே ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே நிற்கும். தினமும் ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றி மட்டத்தைச் சரிசெய்யுங்கள்.

மயிர்க் காளான் எனப்படும், பவளங்களுக்கு உறவான ரோடாக்டிஸும் பரவாயில்லை, குறைந்த வெளிச்சத்தில் வளரும். அதன் சாயலில் தட்டு அகலத்துக்கு விரியும் யானைக்காது காளானை மட்டும் தொடாதீர்கள். விளிம்பு மெதுவாகப் பை போல மூடும். உள்ளே படுத்த மீன் வெளியே வராது. பொத்தான் போலக் கூட்டமாகப் படரும் ஜோவான்தஸ் மீனுக்குப் பெரிதாக உதவாது, சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கடும் விஷமும் உண்டு. வெறுங்கையால் வெட்டவோ, கல்லை வெந்நீரில் வேகவைக்கவோ கூடாது.

வெளிநாட்டு வீடியோக்களில் டார்ச், ஹேமர், ஃப்ராக்ஸ்பான், டங்கன், கோனியோபோரா என்று அடுக்குவார்கள். இவை எல்லாமே கடினப் பவளங்கள். இந்தியாவில் கடினப் பவளங்களையும் கடல்விசிறிகளையும் 2001-இல் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். நம் கடலில் பெயர்த்த துண்டை ‘இம்போர்ட்’ என்று சொல்லி நீட்டினால் வாங்குகிறவரும் மாட்டுவார். அது ஒருபுறம் இருக்க, டார்ச்சில் மீன் ஓயாமல் உரசினால் சதை சுருங்கி எலும்பு தெரிய ஆரம்பிக்கும்.

எந்தப் பவளமானாலும் அது முழுதாக விரிந்து ஒரு மாதம் நின்ற பிறகே மீனை அண்டவிடுங்கள். மீன் ஏற்கெனவே இருந்தால், அது தூங்கும் மூலைக்கு எதிர்ப்பக்கம் பவளத்தை வையுங்கள். மீன் குடியேறிய பின் பாலிப் தொடர்ந்து பத்து நாள் மூடியே கிடந்தால், கல்லோடு தூக்கி ஓட்டை போட்ட அக்ரிலிக் பெட்டிக்குள் வைத்து ஓய்வு கொடுங்கள். மெரூன் கோமாளி உள்ள தொட்டியில் பவளப் பரீட்சையே வேண்டாம், அது முரடு.

மீன் எதிலும் சேராமலும் போகலாம். ஹீட்டர் பக்கத்திலோ, பவர்ஹெட் (தண்ணீரைத் தள்ளும் சின்ன பம்ப்) மேலோ, மேக்னெட் கிளீனர் மேலோ படுத்துக்கொள்ளும். ஹீட்டரானால் ஒரு கூடு மாட்டிவிடுங்கள். அனிமோன் படத்தைக் கண்ணாடியில் ஒட்டினால் மீன் கற்றுக்கொள்ளும் என்பது வேடிக்கைக்குச் சரி.

மண்தொட்டியில் குடியேறிய ஜோடி, ஒரு நாள் அதன் உள்சுவரை வாயால் சுத்தம் செய்யத் தொடங்கினால் முட்டை வரப்போகிறது என்று அர்த்தம். ஆரஞ்சு நிறத்தில் இடும், போகப் போகக் கறுக்கும், கடைசியில் வெள்ளிக் கண்கள் மின்னும். 7 முதல் 10 நாளில், விளக்கணைந்த பிறகு பொரியும். அதுவரை தொட்டிக்குள் வெறுங்கையை விடாதீர்கள். பெண் மீன் ஓடிவந்து கடிக்கும். நீளமான இடுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.