முகப்பருவுக்கு கெமிக்கல் பீல்: வேலூரில் எங்கே போகலாம், எதைக் கேட்டு வாங்கலாம்

காட்பாடியில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி, கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். பருவும் தழும்பும் போக வேண்டும் என்று ஓர் அழகு நிலையத்தில் அமிலம் தடவித் தோல் உரிக்கும் பீல் செய்துகொண்டாள். மூன்றாம் நாள் தாடை ஓரத்தில் புளியங்கொட்டை அளவுக்குத் தோல் கருத்துவிட்டது. பங்குனி வெயிலில் பஸ்ஸுக்கு நின்று நின்று அது இன்னும் அடர்ந்தது. “பார்லர்ல பண்ணதுக்கு யாருகிட்டக்கா போய் கேக்கறது?” என்று அவள் அம்மா கேட்டார். கேட்க இடம் இருக்கிறது. அதற்கு முன்பே போயிருக்க வேண்டிய இடமும் இருக்கிறது.

முதல் இடம் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கண்ணமங்கலம், திருவண்ணாமலை பக்கம் போகும் பஸ் அந்த வழியாகத்தான் போகிறது. அங்கே தோல் பிரிவு உண்டு. ஓ.பி. சீட்டுக்கோ மருந்துக்கோ பணம் இல்லை, வருமானச் சான்றும் கேட்கமாட்டார்கள். பருவுக்கெல்லாம் பெரியாஸ்பத்திரிக்குப் போவதா என்று பலர் கூச்சப்படுகிறார்கள். பரு ஒரு தோல் நோய். அதற்கு வைத்தியம் பார்த்துக்கொள்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை வைத்து பீல் செய்ய முடியுமா என்றும் கேட்கிறார்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை தரும் திட்டம் அது. பெரிய சிகிச்சைகளுக்கானது. பீலுக்கு அதை நம்பிப் போக வேண்டாம். தனியாரிடம் போனால் கைக்காசுதான். அதனால்தான் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

பீல் என்பது அமிலத்தை அளவோடு தடவி மேல்தோலை மெல்லிசாக உரிப்பது. சாலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரையும். பரு அடைத்திருக்கும் துவாரத்துக்குள் இறங்கும் என்பதால், பருவும் கரும்புள்ளியும் இருக்கும்போது 20 முதல் 30 சதவீதக் கரைசலைப் பயன்படுத்துகிறார்கள். கிளைகாலிக் அமிலத்தைச் சரியான நிமிடத்தில் சோடா உப்புக் கரைசலால் முறிக்க வேண்டும். முறிக்கத் தாமதித்தால் தோல் வெந்துபோகும். இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் பல தடவை செய்தால்தான் பலன் தெரியும். ஒரே தடவையில் முகம் மாறும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

தழும்பு விஷயம் வேறு. பரு ஆறின இடத்தில் இருக்கும் கறை மேலோட்டமான பீலுக்கு மங்கும், பள்ளம் நிரம்பாது. ஊசி குத்தினாற்போல் இருக்கும் குழிக்கு, அடர்ந்த டி.சி.ஏ. (ட்ரைகுளோரோ அசிட்டிக்) அமிலத்தைக் குச்சி முனையால் அந்தக் குழிக்குள் மட்டும் வைக்கும் முறை ஒன்று உண்டு. அதைத் தோல் மருத்துவர்தான் செய்ய வேண்டும். நம் மாநிறத் தோலில் சின்னப் புண்ணும் கருப்பாக நிற்கும். அதனால் ஆழமான பீல் நமக்கு ஆபத்து. பீல் செய்த பிறகு சன்ஸ்கிரீன் பூசியே ஆக வேண்டும், வேலூர் வெயிலுக்கு அது பத்தியம் மாதிரி. கடுமையான பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள், தழும்பு தடித்து வளரும் உடம்புக்காரர்கள் இதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? தமிழ்நாட்டில் தனியார் கிளினிக்குகள் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்று கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். மருத்துவர் தன் பதிவு எண்ணைச் சீட்டிலும் ரசீதிலும் போட வேண்டும். அந்த எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். பதிவில்லாமல் மருத்துவம் பார்த்தால், 2019ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 34ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஸ்டீராய்டு கலந்த க்ரீம்களும் 2018இலிருந்து மருத்துவர் சீட்டுக்குத்தான் விற்கப்பட வேண்டும். மெடிக்கலில் சும்மா கேட்டு வாங்கிப் பூசாதீர்கள், அதனாலேயே பரு வரும்.

உங்கள் சிகிச்சைப் பதிவேட்டின் நகலைக் கேட்டால் மருத்துவர் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். எந்த அமிலம், எத்தனை சதவீதம், எத்தனை நிமிடம் என்று எழுதி வாங்குங்கள். அடுத்த மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

பணம் கொடுத்துப் பெற்ற சேவையில் குறை என்றால், பார்லரோ கிளினிக்கோ, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். வக்கீல் வேண்டுமென்றால், பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவசமாக ஏற்பாடு செய்து தருவது மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. அதற்குச் சட்ட உதவி எண் 15100. எப்படிப் புகார் கொடுப்பது என்று கேட்க, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அந்த அம்மாவிடம் பில் இல்லை. ஜி-பேயில் பணம் அனுப்பிய பதிவு இருந்தது, முதல் நாளிலிருந்து மகள் எடுத்த செல்ஃபிகள் தேதியோடு இருந்தன. இரண்டையும் பிரிண்ட் எடுக்கச் சொன்னேன். மறுநாள் காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு அடுக்கம்பாறை பஸ் ஏறினார்.