உங்கள் சர்வரில் சென்ட்ஓஎஸ் 7 இன்னும் ஓடுகிறதா?

போன வாரமும் ஒரு நிறுவனம். பில்லிங் முழுக்க சென்ட்ஓஎஸ் 7 என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தில். அப்டேட் நின்றுபோனதைச் சொன்னால், "ஓப்பன் சோர்ஸ்தானே சார், அதை யார் நிறுத்த முடியும்?" என்கிறார் பொறுப்பாளர். இந்தப் பதிலை இன்னும் எத்தனை இடத்தில்தான் கேட்பது!

நிறுத்த முடியும். 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு நிறுத்தியும் ஆயிற்று.

ஓப்பன் சோர்ஸ் உரிமம் தருவது மூலநிரலை. படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம். ஆனால் நாளைக்கே, இணையத் தகவலை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால், அதை அடைத்து, சோதித்து, பேக்கேஜாக்கி அனுப்ப ஆள் வேண்டும். அந்த வேலையை உரிமம் செய்யாது. பெரும்பாலும் சம்பளம் வாங்குகிற பொறியாளர்கள்தான் செய்கிறார்கள். எதுவரை செய்வது என்பதைச் சம்பளம் கொடுப்பவர் முடிவு செய்கிறார்.

"உலகமே பயன்படுத்துகிறதே" என்பது அடுத்த சமாதானம். சென்ட்ஓஎஸ்ஸையும் உலகமே பயன்படுத்தியது. 2014-இல் அது ரெட் ஹேட் என்ற லினக்ஸ் நிறுவனத்தின் குடைக்குள் போனது. 2019-இல் ரெட் ஹேட்டை 34 பில்லியன் டாலருக்கு ஐபிஎம் வாங்கியது. 2029 வரை வரும் என்று நம்பி எல்லோரும் சென்ட்ஓஎஸ் 8-க்கு மாறிக்கொண்டிருந்தபோது, 2021 கடைசியோடு அது முடியும் என்று 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. ஏழுக்கு முன்பே எட்டு போய்ச் சேர்ந்தது!

அந்த இடத்தைப் பிடிக்க, ரெட் ஹேட்டின் மூலநிரலிலிருந்தே உருவாக்கப்பட்ட ஆல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும் வந்தன. 2023 ஜூனில் ரெட் ஹேட் மூலநிரலைப் பொதுவில் தரும் முறையை மாற்றியதும் இரண்டுமே வழியை மாற்ற வேண்டியதாயிற்று. போட்டி இருக்கிறது, ஆனால் பிடி யார் கையில் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். டெபியன் லினக்ஸ் எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லை; 1993-இலிருந்து தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். உபுண்டு லினக்ஸின் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்புக்கு அடிப்படை ஆதரவு ஐந்து வருடம். டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) எதுவானாலும் ஆதரவு முடியும் தேதியை இன்றே காலண்டரில் குறியுங்கள். அதற்கு ஒரு வருடம் முன்பே மாற்றும் வேலையைத் தொடங்குங்கள். பேக்கப் எடுத்தால் போதாது, இன்னொரு கணினியில் மீட்டுப் பாருங்கள்.

அப்புறம், யம் அப்டேட் கட்டளை வேலை செய்யவில்லை என்று ரெப்போ (பேக்கேஜ்கள் இறங்கும் இடம்) முகவரியை வால்ட்டுக்கு மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். அது பழைய பேக்கேஜ்களின் கிடங்கு. எர்ரர் மறையும், ஓட்டை அப்படியே இருக்கும்.

மேலிடத்து ஒப்புதலுக்குக் காத்திருக்கிறீர்களா? சரி. தயவுசெய்து அதுவரை அந்த சர்வரை இணையத்திலிருந்து துண்டித்தாவது வையுங்கள்.