கிளைக் கழுத்தை அறுக்காதீர்கள்

கடலூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் ஆசிரியர் கேட்டிருக்கிறார்: “வகுப்பறை ஓட்டின் மேல் சாய்ந்திருக்கும் வேப்பங்கிளைகளை ஐப்பசி மழைக்குள் எடுத்துவிட நினைக்கிறோம். தண்டோடு ஒட்ட அறுத்து, வெட்டுவாயில் தார் பூசச் சொல்கிறார்கள். சரிதானா?”

ஒட்ட அறுக்கக் கூடாது. தாரும் வேண்டாம், சாணியும் வேண்டாம்.

2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரையேறியபோது காற்று மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்குப் பள்ளி மரத்தைக் கண்டால் பயம் வருவது இயல்பு. ஆனால் அந்தப் பயத்தில் செய்யும் தவறான கவாத்துதான் பத்தாண்டு கழித்து மரத்தை உள்ளுக்குள் உளுத்துப்போக வைக்கிறது.

நம் தோலில் வெட்டுப்பட்டால் செத்த செல்களின் இடத்தில் புதுச் செல்கள் வந்து நிரப்பும். மரத்துக்கு அந்த வசதி இல்லை. நீரை மேலேற்றும் கட்டைத் திசுவான சைலத்தின் பெரும்பகுதி செத்த குழாய்கள். போன வருடம் உண்டான கட்டையை மரத்தால் புதுப்பிக்க முடியாது. அதனால் காயம்பட்ட இடத்தைச் சுற்றி அடைப்புப் போட்டு, அதை உள்ளேயே விட்டுவிட்டு, வெளியே புதுக் கட்டையை வளர்த்துக்கொண்டு போகிறது. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களைச் சங்கிலி ரம்பத்தால் நீளவாக்கில் பிளந்து பார்த்துக் கண்டது இது. 1977-ல் வந்த அவரது விளக்கத்தில் நான்கு சுவர்கள் இருக்கின்றன.

முதல் சுவர், மேலும் கீழும் ஓடும் குழாய்களைப் பிசினாலும் குமிழ் போன்ற வளர்ச்சிகளாலும் அடைப்பது. நான்கில் இதுதான் பலவீனமானது. உளுப்பு தண்டின் நீளவாக்கில் வேகமாகப் பரவுவது அதனால்தான். இரண்டாவது, மரத்தின் நடுவை நோக்கிப் பரவாமல் வளர்ச்சி வளையத்தின் விளிம்பு தடுப்பது. மூன்றாவது, நடுவிலிருந்து பட்டையை நோக்கி ஓடும் கதிர்த்திசு பக்கவாட்டில் தடுப்பது. இந்த மூன்றும் ஏற்கெனவே இருக்கும் கட்டையில் எழுபவை. நான்காவது சுவரைக் காயத்துக்குப் பிறகு கேம்பியம், அதாவது பட்டைக்கும் கட்டைக்கும் இடையே புதுத் திசுவை உண்டாக்கும் மெல்லிய அடுக்கு, புதிதாகக் கட்டுகிறது. காயத்துக்கு முன் இருந்த கட்டை ஒரு பக்கம், அதன் பின் வளரும் கட்டை மறுபக்கம் என்று பிரித்துவிடும் இந்தச் சுவரே எல்லாவற்றிலும் வலுவானது. ஆள் நுழையும் அளவுக்குப் பொந்து விழுந்த புளியமரம் வருடம் தவறாமல் காய்த்துக்கொண்டிருப்பது இதன் வேலை.

இப்போது கிளை தண்டோடு சேரும் இடத்தைத் தடவிப் பாருங்கள். அடிப்புறம் சற்றுப் புடைத்திருக்கும். மேற்புறம் பட்டை மடிந்து வரப்புபோல் சொரசொரப்பாக இருக்கும். தண்டின் திசுவும் கிளையின் திசுவும் ஆண்டுதோறும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து உண்டான புடைப்பு இது. கிளைக் கழுத்து என்று சொல்லலாம். உள்ளே பீனால் போன்ற, பூஞ்சையைத் தடுக்கும் பொருள்கள் செறிந்த ஒரு காப்பு வளையம் உருவாகும். நிழல்பட்டுக் காய்ந்த கிளையை மரம் தானாக உதிர்க்கும்போதும் உளுப்பு தண்டுக்குள் போகாமல் நிற்பது இங்கேதான். ஒட்ட அறுத்தால் கிளையோடு இந்தக் கழுத்தும் போய்விடும். காயமும் பெரிதாகித் தண்டின் கட்டையே திறந்துகொள்ளும். பயந்து ஒரு முழம் விட்டு அறுத்தாலும் தொல்லைதான். நீட்டிக்கொண்டிருக்கும் கட்டை பட்டுப்போய், நாலாபுறமும் உருண்டு மூடவரும் பட்டைக்கு முட்டுக்கட்டையாக நிற்கும்.

தார் வெயிலில் வெடிக்கும். வெடிப்பில் இறங்கும் மழைநீர் அடியில் தங்கும். சாணி ஈரத்தைப் பிடித்துவைக்கும். பல ஆண்டுச் சோதனைகளில் எந்தப் பூச்சும் உளுப்பைத் தடுக்கவில்லை. ஊருக்கு ஊர் வேம்பில் பால் வடிகிறதென்று மஞ்சள், குங்குமம் பூசி வணங்குகிறோமே, அதுவும் பெரும்பாலும் பழைய காயத்தின் வழியே உள்ளே போன பாக்டீரியா கட்டைக்குள் நொதித்து, அந்த வாயுவின் அழுத்தத்தில் வெளியே தள்ளும் நீர்தான். வணங்குபவரைக் குறை சொல்லவில்லை. பள்ளி வளாகத்தில் அப்படி ஒரு மரம் இருந்தால் அதன் அடித்தண்டைத் தட்டிப் பார்த்துவிட வேண்டும். வெற்றொலி கேட்டாலும், வேரடியில் கட்டைக்காளான் முளைத்திருந்தாலும் பிள்ளைகளை அதன் கீழ் உட்காரவைக்காதீர்கள்.

அறுக்கும் முறைக்கு வருவோம். அரையடித் தடிமனில் 4 மீட்டர் நீளமுள்ள பச்சைக் கிளை, தழை சேராமலே 70 கிலோ அளவுக்கு இருக்கும். ஒரே வெட்டில் மேலிருந்து அறுத்தால் பாதி வெட்டிலேயே சாய்ந்து, தண்டின் பட்டையை வாழைநார்போல் கீழ்வரை உரித்துக்கொண்டு விழும். ஆகவே மூன்று வெட்டு. தண்டிலிருந்து ஓரடி தள்ளி, கிளையின் அடிப்புறத்திலிருந்து மேல்நோக்கி மூன்றில் ஒரு பங்கு ஆழம் அறுக்க வேண்டும். அதற்கும் இரண்டு மூன்று அங்குலம் வெளியே மேலிருந்து முழுதாக அறுத்தால் எடை போய்விடும். மிஞ்சிய கட்டையைக் கையால் தாங்கிக்கொண்டு, கழுத்தின் வெளிவிளிம்பை ஒட்டிக் கடைசி வெட்டு. அரிவாளால் கொத்தாமல் கூர்மையான கைரம்பத்தால் அறுக்க வேண்டும். நுனிக் கருகல் கண்ட வேம்பிலிருந்து அடுத்த வேம்புக்குப் போகுமுன் ரம்பத்தை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும்.

உச்சியை மொட்டையடிப்பது எல்லாவற்றிலும் மோசம். வெட்டிய இடத்தில் கொத்தாக எழும் போத்துகள் கட்டையின் ஆழத்திலிருந்து வருபவை அல்ல, மேற்பரப்பில் ஒட்டியிருப்பவை. நாலைந்து வருடத்தில் கனத்து, அடுத்த புயலில் பிய்த்துக்கொண்டு விழுவது அவைதான். ஓராண்டில் தழையின் கால் பங்குக்கு மேல் எடுக்காதீர்கள், முதிய மரத்தில் அதையும் குறையுங்கள். உள்ளே இருக்கும் சிறு கிளைகளை எல்லாம் கழித்து நுனியில் மட்டும் தழையை விட்டால் எடை முழுதும் நுனிக்குப் போய்க் கிளை எளிதில் முறியும்.

ஐப்பசி வரை காத்திருக்க வேண்டாம். பங்குனியில் வேம்பு புதுத் தளிர் விடச் சேமிப்பைச் செலவழித்திருக்கும். மே மாதத்துக்குள் இலை முற்றிவிடும், பள்ளியும் விடுமுறை. கூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்கலாம். தரையில் நின்று எட்டாத கிளைக்குக் கயிறும் இடுப்புவாரும் தெரிந்த ஆள்தான் ஏற வேண்டும். ஏணியில் நின்று சங்கிலி ரம்பம் ஓட்டவே கூடாது. மின்கம்பி அருகே இருந்தால் மின்வாரியத்தார் இணைப்பைத் துண்டித்த பிறகே கை வைக்கலாம். மாணவர்களைக் கிளை இழுக்கக்கூட அழைக்காதீர்கள்.

இந்தச் சுவர்க் கணக்கு குளிர்நாட்டு மரங்களில் கண்டது. நம் வேம்பும் பூவரசும் தூங்குமூஞ்சியும் எவ்வளவு வேகமாக அடைக்கின்றன என்று அறிய, புயலில் விழுந்த மரங்களை மரவாடிக்கு ஏற்றுமுன் குறுக்கே அறுத்துப் படமெடுத்து அளக்கப் பணம் ஒதுக்க வேண்டும். அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

ஆசிரியர் அடுத்த மே மாதம் வெட்டுவாய்களைப் பார்க்கட்டும். பட்டை வடைபோல் முழு வட்டமாக உருண்டு வந்திருந்தால் வெட்டு சரி. இரு பக்கமும் மட்டும் உருண்டு, மேலும் கீழும் வெறுமையாக இருந்தால் ரம்பம் கழுத்துக்குள் போயிருக்கிறது.