முட்டை இறுகுது, பால் ஏன் இறுகேல்லை? உருவமில்லாத புரதங்களிண்ட கதை

முட்டையை அவிச்சா வெள்ளைக்கரு இறுகி வெள்ளையா வந்திடும், ஆனா பொங்கலண்டைக்குப் பானையால வழிய வழியப் பொங்கினாலும் பால் பாலாத்தான் கிடக்கும். ரெண்டிலயும் புரதம் இருக்குத்தானே, பிறகேன்?

ஏஎல் பயோவில எல்லாருக்கும் படிப்பிக்கிறது பூட்டும் திறப்பும் கதை. பூட்டுக்குத் திறப்பு மாதிரி, நொதியத்திண்ட வடிவத்துக்குப் பொருந்தினதுதான் அதில சேரும் எண்டு 1894ல எமில் ஃபிஷர் சொன்னது. 1958ல கென்ட்ரூ ஆக்கள் மயோகுளோபின் எண்ட தசைப் புரதத்திண்ட முப்பரிமாண வடிவத்தை எக்ஸ்ரேயால காட்டினதோட, மடிஞ்சு ஒரு வடிவத்துக்கு வந்தாத்தான் புரதம் வேலை செய்யும் எண்டு ஆக்கள் முடிவுகட்டிப்போட்டினம். பிழையில்லை, ஆனா அது பாதிக்கதை. எக்ஸ்ரேயில மங்கிப்போற துண்டுகளைக் கனகாலமா ஒருத்தரும் பெருசா எடுக்கேல்லை, 1999ல பீற்றர் ரைட்டும் ஜேன் டைசனும் எழுதின ரிவியூவோடதான், வடிவமில்லாமலே வேலை செய்யிற புரதங்களும் இருக்கு எண்டது பரவலாப் பேசுபொருளானது.

சாதாரண புரதத்தில தண்ணியோட ஒத்துவராத அமினோ அமிலங்கள் உள்ளுக்க ஒளிச்சிருக்கும், சூடாக்கினா அந்தச் சுருள் அவிழ, உள்ளுக்க இருந்ததெல்லாம் வெளிய வந்து ஒண்டோடொண்டு ஒட்டும், முட்டை இறுகிறது அதாலதான். பசுப்பால் புரதத்தில கிட்டத்தட்ட 80 வீதம் கேசீன். அதில புரோலின் எண்ட அமினோ அமிலம் கனக்க, அது ஒழுங்கா மடியவே விடாது. அவிழ ஒண்டும் இல்லையெண்டா சூடு என்னத்தைச் செய்யும்? (மேல படியிற ஏட்டில மற்றப் புரதங்கள் அவிஞ்சு சேர்ந்து கிடக்கும், அது வேற விசயம்.) இப்பிடித் தளர்வா இருக்கிறபடியாத்தான் கேசீன் கல்சியம் பொஸ்பேற்றைச் சுத்திப் பிடிச்சு வைக்குது, இல்லாட்டி அவ்வளவு கல்சியமும் மாட்டிண்ட மடிக்குள்ளயே படிஞ்சு கல்லாகிவிடும். ஆனா தேசிக்காய் விட்டாத் திரையும், ஏனெண்டா புளி கேசீனிண்ட மின்னேற்றத்தைக் குறைச்சு ஒண்டோடொண்டு சேரவைக்குது.

லாப்பிலயும் இதே வித்தைதான். டௌ, அல்ஃபா சினுக்ளின் மாதிரி வடிவமில்லாத புரதங்களைப் பிரிச்செடுக்கக் கலச்சாறைக் கொதிக்க வைப்பினம், மற்றதெல்லாம் திரைஞ்சு அடியில போக இதுகள் மட்டும் கரைஞ்சபடி நிக்கும். எனக்கு இந்தத் துறையிலயே பிடிச்ச விசயம் இதுதான்.

சரி, உடம்புக்கு என்ன லாபம்? புற்றுநோயைத் தடுக்கிற பி53 எண்ட புரதத்தைப் பாருங்கோ. 393 அமினோ அமிலம், நடுப்பகுதி மடிஞ்சது, ரெண்டு அந்தமும் தளர்வு. முன் அந்தம், பி53ஐ அடக்கிற எம்டிஎம்2 எண்ட புரதத்தைக் கண்டாக் குட்டிச் சுருளா மாறி, மூண்டு அமினோ அமிலத்தை அதிண்ட பள்ளத்துக்குள்ள செருகும். பின் அந்தம் இன்னும் மோசம், அதே துண்டு ஒரு கூட்டாளியோட சுருளாவும் இன்னொண்டோட தட்டை இழையாவும் மாறும். ஆளைப் பாத்துக் கதைக்கிற ஊர் விதானையார் மாதிரி. பிடி பெரும்பாலும் இறுக்கமில்லை, வேலை முடிய விட்டிட்டுப் போகலாம், கலத்துக்குள்ள சிக்னல் போறதுக்கு இது பெரிய வசதி.

கரைச்சலும் இதுக்குள்ளதான். பாக்கின்சன் நோயில அல்ஃபா சினுக்ளினும் அல்சைமரில டௌவும் ஒண்டோடொண்டு சேர்ந்து நாராப் படியுது. மருந்து செய்யிறதும் லேசில்லை, போய் உக்காரப் பள்ளமே இல்லையே. 2004ல வந்த நட்லின் எண்ட மூலக்கூறு பி53ஐ விட்டிட்டு எம்டிஎம்2இண்ட பள்ளத்தில போய் அடைச்சது. அல்ஃபா சினுக்ளினுக்கோ அப்பிடிப் பள்ளம் உள்ள ஒரு கூட்டாளியைப் பிடிக்கிறதே பெரிய பாடு.