லேசான சக்கரம்: அந்த 400 கிராம் எங்கே குறைகிறது?

ரோடு சைக்கிள் ஓட்டுபவர்களிடம் பல காலமாகப் புழங்கும் ஒரு கணக்கு உண்டு. சக்கரத்தில் ஒரு கிராம் குறைத்தால், ஃபிரேமில் இரண்டு கிராம் குறைத்ததற்குச் சமம் என்பார்கள். நடுத்தர விலை டிஸ்க் பிரேக் சைக்கிள்களோடு வரும் சக்கரங்கள் பெரும்பாலும் ஜோடி 2 கிலோவை ஒட்டி இருக்கும். நல்ல அலாய் ஜோடி 1600 கிராமுக்குக் கிடைக்கிறது, கார்பன் 1400க்குக் கீழே கூட வருகிறது. அதனால் முதலில் மாற்ற வேண்டியது சக்கரம்தான் என்று ஆலோசனை சொல்பவர்கள் நிறைய. அந்தக் கணக்கு பொய்யில்லை. ஆனால் அது எந்த இடத்தில் உண்மை, எவ்வளவு தூரம் உண்மை என்று பார்த்துவிட்டுக் காசைச் செலவழிப்பது நல்லது.

ஓடும் சைக்கிளின் ஒவ்வொரு பாகத்துக்கும், முன்னே போகிற வேகத்தால் இயக்க ஆற்றல் இருக்கிறது. சக்கரத்துக்குக் கூடுதலாகச் சுழற்சியின் ஆற்றலும் உண்டு. டயர் வழுக்காமல் உருளும்போது, விளிம்பு அச்சைச் சுற்றும் வேகமும் சைக்கிள் போகும் வேகமும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே விளிம்பில் இருக்கும் எடைக்கு ஒரே அளவு ஆற்றலை இரண்டு முறை கொடுக்க வேண்டியிருக்கிறது: முன்னே தள்ள ஒருமுறை, சுழற்ற ஒருமுறை. இரண்டு கிராம் கணக்கு இங்கிருந்துதான் வருகிறது. சக்கரத்தின் நடுவே அச்சைச் சுற்றியுள்ள ஹப்பில் இருக்கும் எடைக்கு இது பொருந்தாது. சுழற்சி ஆற்றல் அச்சிலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஹப்பில் 200 கிராம் குறைத்தால் 200 கிராம் குறைந்தது, அவ்வளவுதான்.

சரி, எண்களைப் போட்டுப் பார்ப்போம். ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ. நின்ற நிலையிலிருந்து நொடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்துக்கு வர 4000 ஜூல் வேண்டும். முழுக்க விளிம்பிலேயே 400 கிராம் குறைத்தோம் என்று வைத்துக்கொள்வோம். இரட்டைக் கணக்கையும் சேர்த்து மிச்சமாவது 40 ஜூல். 250 வாட் கொடுத்து மிதிப்பவருக்கு அது ஒரு நொடியில் ஆறில் ஒரு பங்கு வேலை. போட்டியில் வளைவுக்கு வளைவு வேகம் குறைந்து மீண்டும் பாய வேண்டியவருக்கு இது கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். ஒரே சீராக ஓட்டுபவருக்குச் சேராது.

மேடு ஏறும்போது இரட்டைக் கணக்கே கிடையாது. எடை சுழல்கிறதா, சும்மா இருக்கிறதா என்று ஈர்ப்பு விசை பார்ப்பதில்லை. 80 கிலோவில் 400 கிராம் என்பது 0.5 சதவீதம். ஒரு மணி நேரம் பிடிக்கும் செங்குத்தான ஏற்றத்தில் அதிகபட்சம் 18 நொடி மிச்சமாகும். அரை லிட்டர் தண்ணீரை அடிவாரத்திலேயே விட்டுவிட்டுப் போனால் இதைவிடச் சற்று அதிகம் மிச்சம்.

இதற்கு ஒரு மறுப்பு எப்போதும் வரும். ஏற்றத்தில் ஒவ்வொரு மிதியிலும் சைக்கிள் கொஞ்சம் வேகமெடுக்கிறது, மிதிகளுக்கு இடையே கொஞ்சம் தளர்கிறது. லேசான சக்கரம் அந்தச் சின்னச் சின்ன வேகமெடுப்புகளில் ஆற்றலை மிச்சம் பிடிக்காதா? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கனமான சக்கரத்துக்குள் போன ஆற்றல் காணாமல் போய்விடுவதில்லை. மிதி தளரும் கணத்தில் அதே சக்கரம் அதைத் திருப்பிக் கொடுத்து வேகம் விழாமல் பார்த்துக்கொள்கிறது. பிரேக் பிடித்தால்தான் அது வெப்பமாகி வீணாகும். ஏற்றத்தில் யாரும் பிரேக் பிடிப்பதில்லை.

அப்படியானால் லேசான சக்கரம் போட்டதும் சைக்கிளே மாறிவிட்டது போல இருக்கிறதே, அது வெறும் பிரமையா? இல்லை. சுழலும் சக்கரம் தன் தளத்தைத் திருப்ப விடாமல் எதிர்க்கும். முன்சக்கரத்தைத் தூக்கி வேகமாகச் சுற்றிவிட்டு ஹேண்டில்பாரை லேசாகத் திருப்பிப் பாருங்கள், அந்த எதிர்ப்பு கைக்கே தெரியும். விளிம்பு லேசானால் எதிர்ப்பும் குறைகிறது. சீட்டை விட்டு எழுந்து நின்று, சைக்கிளை இடமும் வலமும் சாய்த்து மிதிக்கும்போது அது துள்ளுவது போல இருப்பதற்குக் காரணம் இதுதான். கடிகாரத்தில் தெரியாத மாற்றம் கையில் தெரிகிறது. அந்த உணர்வுக்காகவே ஒருவர் சக்கரம் மாற்றினால் நான் குறை சொல்ல மாட்டேன்.

எடை விளிம்பில் இருக்கிறதா, ஹப்பில் இருக்கிறதா என்பதை வீட்டிலேயே அளக்கலாம். டயர், ரோட்டர் (டிஸ்க் பிரேக்கின் தட்டு), கேசட் (பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு) மூன்றையும் கழற்றிவிட்டு, ஒரு மெல்லிய கம்பியை உறுதியாகக் கிடைமட்டமாகப் பொருத்தி, ரிம்மின் (டயர் உட்காரும் வளையம்) உட்பக்கம் அதன்மேல் உட்காரும்படி சக்கரத்தைத் தொங்கவிடுங்கள். சக்கரத்தின் தளத்திலேயே சிறிய கோணத்தில் ஆட்டிவிட்டு, 10 முழு அலைவுக்கு ஆகும் நேரத்தைப் பாருங்கள். தொங்கும் புள்ளி அச்சிலிருந்து 30 சென்டிமீட்டர் என்றால், எடை முழுக்க ஹப்பில் குவிந்திருக்கும் கற்பனைச் சக்கரத்துக்கு 11 நொடி ஆகும். முழுக்க விளிம்பிலேயே இருந்தால் 15.5 நொடி. நிஜச் சக்கரம் இடையில் எங்கோ நிற்கும். எடையில் ஒன்றாக இருக்கும் இரண்டு சக்கரங்களை இப்படி ஆட்டினால், ஒன்று மற்றதைவிட மெதுவாக ஆடும். விளிம்பு கனமானது அதுதான். இயற்பியல் பாடத்தில் வரும் நிலைமத் திருப்புத்திறன் என்பது இந்த வித்தியாசம்தான். விளம்பரத்தில் மொத்த எடையை மட்டும் போடுவார்கள், இதைப் போட மாட்டார்கள்.

சக்கரத்தில் எல்லாவற்றுக்கும் வெளியே இருப்பது ரிம் அல்ல, டயரும் டியூபும். சாதாரண பியூட்டைல் டியூபுக்குப் பதிலாக டிபியூ என்ற பிளாஸ்டிக்கில் செய்த மெல்லிய டியூப் போட்டால் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 120 கிராம் போலக் குறையும். விளிம்பில் கம்பி வைத்த கனமான டயருக்குப் பதில் மடிக்கக்கூடிய நல்ல டயர் போட்டால் இன்னும் 150 கிராமாவது குறையும். எடையைவிடப் பெரிய லாபம் உருளல் தடையில் இருக்கிறது. தடையின் கெழு 0.006 உள்ள டயரிலிருந்து 0.004 உள்ளதற்கு மாறினால், மணிக்கு 30 கிலோமீட்டரில் அதே 80 கிலோவுக்கு 13 வாட் மிச்சம். மிதிக்கும் ஒவ்வொரு நொடியும் அது கிடைக்கும், சமதளத்திலும் கூட. எந்தச் சக்கரம் வாங்கலாம் என்று யார் கேட்டாலும், இப்போது என்ன டயர் போட்டிருக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

அப்புறம் டிஸ்க் பிரேக்குக்கே உரிய விஷயம். இதில் பலர் கவனம் வைப்பதில்லை. ரிம் பிரேக்கில் கட்டைகள் டயருக்குப் பக்கத்திலேயே ரிம்மைப் பிடித்தன. பிரேக் விசை ஹப்பையும் ரிம்மையும் இணைக்கும் கம்பிகளுக்கு (ஸ்போக்) அவ்வளவாகப் போகவில்லை. டிஸ்க்கில் பிடிப்பது ஹப்போடு இணைந்த ரோட்டரை. நிற்க வேண்டியதோ ரோட்டைத் தொடும் டயர். நடுவில் இருப்பவை கம்பிகள் மட்டும்தான். 80 கிலோவை முன்பிரேக்கால் பாதி ஈர்ப்பு முடுக்கம் அளவுக்கு வலுவாக நிறுத்தினால் ரோட்டில் சுமார் 400 நியூட்டன் விசை. சக்கரத்தின் ஆரம் 34 சென்டிமீட்டர். ஆக ஹப்புக்கும் ரிம்முக்கும் இடையே 136 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை கம்பிகள் வழியாகப் போக வேண்டும்.

ஹப்பிலிருந்து நேராக ரிம்முக்குப் போகும், சைக்கிள் விளம்பரங்களில் அழகாகத் தெரியும் ஆரவழிப் பின்னலில் கம்பிகளால் இதைச் செய்ய முடியாது. ஹப் கொஞ்சம் முறுகிய பிறகுதான் அவற்றுக்குப் பிடிப்பே வரும். கம்பிகள் ஹப்பைத் தொட்டபடி சாய்ந்து, ஒன்றையொன்று குறுக்கே கடந்து போக வேண்டும். பிரேக் பிடிக்கும்போது பாதிக் கம்பிகள் இறுகும், மீதி தளரும். ஆகவே பழைய ரிம் பிரேக் முன்சக்கரம் 18, 20 கம்பிகளோடு சமாளித்தது என்றால், டிஸ்க் சக்கரத்தில் 24 என்பது சாதாரணம். எடைக்காக இந்த எண்ணிக்கையில் கைவைக்காதீர்கள், அதுவும் உடல் கனமானவர்கள் கட்டாயம் வைக்கக்கூடாது. கம்பிகளின் நடுப்பகுதியை மெல்லியதாக்கலாம். முழுவதும் 2 மில்லிமீட்டர் தடிமன் உள்ள கம்பிக்குப் பதிலாக, நடுவில் 1.5 மில்லிமீட்டருக்கு ஒடுங்கும் கம்பி போட்டால் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 48 கம்பிகளில் 100 கிராம் போலக் குறையும். ஆயுளும் கூடும். நடுப்பகுதி சற்று நீண்டு கொடுப்பதால், ஹப்பை ஒட்டி வழக்கமாக முறியும் வளைவில் அழுத்தம் குவிவதில்லை.

ரோட்டரைச் சிறிதாக்கியும் எடை குறைக்கலாம் என்பார்கள். அச்சுக்கு இவ்வளவு அருகே 20 கிராம் போனால் சுழற்சியில் ஒன்றும் தெரியாது. நீண்ட இறக்கத்தில் வெப்பத்தைத் தாங்கும் உலோகம்தான் குறையும். அதைத் தொட வேண்டாம்.

ரிம்முக்கு டிஸ்க் பிரேக் பெரிய விடுதலை. பிரேக் கட்டை உரசித் தேயும் சுவர் இனி தேவையில்லை. நீண்ட இறக்கங்களில் கார்பன் ரிம்மின் ரெசின் சூடேறி இளகும் பழைய ஆபத்தும் போயிற்று. அதனால் ரிம்மை அகலமாகவும், அதே சமயம் லேசாகவும் செய்ய முடிகிறது. கொக்கியில்லாத ரிம் (டயரின் ஓரத்தைப் பிடிக்கும் உள்வளைவு இல்லாதது) வாங்கினால் மட்டும் இரண்டு விதிகளை மறக்கக்கூடாது: டியூப்லெஸ்ஸுக்கென்று செய்த, அந்த ரிம்முக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட டயர்தான் போட வேண்டும்; காற்றழுத்தம் 5 பாரைத் தாண்டக்கூடாது.

சமதளத்தில் வேகமாக ஓட்டுபவருக்கு எடையைவிடக் காற்றுதான் முக்கியம். மணிக்கு 25 கிலோமீட்டரிலிருந்து 35க்குப் போனால் காற்றுக்கு எதிராகச் செலவாகும் சக்தி 2.7 மடங்காகிறது. அங்கே 100 கிராம் கூடுதலான ஆழ ரிம் (அச்சை நோக்கி அதிக உயரம் கொண்டு, காற்றை எளிதாகக் கிழிப்பது), லேசான ஆழம் குறைந்த ரிம்மை எளிதாக முந்தும். பக்கவாட்டுக் காற்றில் முன்சக்கரம் இழுப்பதுதான் அதற்குக் கொடுக்கும் விலை.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை சில. ஆக்சில் (அச்சுத்தண்டு) முன்னே 12×100, பின்னே 12×142 மில்லிமீட்டர் தானா, ரோட்டரைப் பொருத்துவது சென்டர் லாக்கா (நடுவே ஒரே பூட்டு வளையம்) ஆறு போல்ட்டா, ஃப்ரீஹப் (ஹப்பில் கேசட் ஏறும் பகுதி) உங்கள் கேசட்டுக்குப் பொருந்துமா, தயாரிப்பாளர் சொல்லும் எடை வரம்பு உங்களையும் சைக்கிளையும் சுமையையும் சேர்த்துத் தாங்குமா. அறிவிக்கும் எடையில் ரிம் டேப், வால்வு, ரோட்டர் பெரும்பாலும் சேராது. மாற்றிய பிறகு ரோட்டர் பழைய இடத்திலிருந்து ஒரு மயிரிழை தள்ளி நிற்கும். காலிப்பரை (பிரேக் பேடுகளைத் தாங்கும் பாகம்) தளர்த்தி மறுபடி நடுவில் வைக்காவிட்டால் பேட் உரசிக்கொண்டே இருக்கும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் கம்பிகளின் இறுக்கத்தையும் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள், முக்கியமாக முன்சக்கரத்தின் ரோட்டர் பக்கத்தில்.