மர உச்சி எறும்புகள்: விழுந்ததை மட்டும் எண்ணினால் போதாது

பெரு நாட்டுத் தம்போபட்டா காட்டில் அவரைக் குடும்பத்து மரம் ஒன்றில் பூச்சிமருந்துப் புகையடித்து வீழ்த்திய எறும்புகளை அமெரிக்க எறும்பு ஆய்வாளர் எட்வர்ட் வில்சன் இனம் பிரித்தார். 26 பேரினங்கள், 43 இனங்கள். 1987-இல் வெளிவந்த கணக்கு இது. பிரிட்டன் தீவுகள் முழுக்கத் தேடினாலும் ஏறக்குறைய இவ்வளவுதான் தேறும்.

இதைப் படித்துவிட்டுப் புகைக்கருவியோடு காட்டுக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் நேரத்தைக் கவனிக்க வேண்டும். காற்று அடங்கிய விடியற்காலையில்தான் புகை நேரே மேலே ஏறும். வெயில் ஏறினால் பக்கத்து மரத்துக்குப் போய், அங்குள்ள எறும்பும் நம் கணக்கில் சேர்ந்துவிடும். ஒரு சதுர மீட்டர் வாயுள்ள புனல் துணிகளைக் கயிற்றில் தொங்கவிடுங்கள். தரையில் விரித்தால், விழுந்ததைத் தரை எறும்புகள் இழுத்துக்கொண்டு போய்விடும். அடித்தபின் இரண்டு மணி நேரமாவது காத்திருங்கள். சேகரித்ததை 70 சதவீத ஆல்கஹாலில் போடலாம். மரபணு ஆய்வுக்கு 95 வேண்டும். சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை கரைந்தால் அந்தக் குப்பியே வீண்.

தலை எண்ணிக்கையை நம்பாதீர்கள். சாறுறிஞ்சும் பூச்சிகளின் இனிப்புக் கழிவை உண்டு பெருகிய ஒரே புற்றின் எறும்புகள் ஒரு துணியை நிரப்பிவிடும். ஓர் இனம் எத்தனை துணிகளில் கிடைத்தது என்பதே உருப்படியான கணக்கு. இறக்கையுள்ளவை வேறு மரத்திலிருந்து பறந்து வந்திருக்கலாம். அவற்றைத் தனியே வையுங்கள்.

இவ்வளவு செய்தும் தப்புகிறவை உண்டு. அமெரிக்க வெப்பமண்டலக் காடுகளின் ஆமை எறும்புகள், வண்டுகள் குடைந்துவிட்டுப் போன பட்ட குச்சிகளுக்குள் குடியிருப்பவை. அவற்றில் பல இனங்களின் காவல் எறும்புக்குத் தலை தட்டையான வட்டம். அதை வைத்தே துளையை அடைத்துக்கொள்ளும். உள்ளே புகை எங்கே போகும்? கயிற்றில் ஏறி, குச்சியின் மேல் முதலில் பையை மாட்டி, பிறகுதான் வெட்ட வேண்டும். வெட்டிவிட்டுப் பையைத் தேடினால் பாதி ஓடிவிடும். கீழே கொண்டுவந்து நீளவாக்கில் பிளந்து பாருங்கள்.

கிளையைத் தட்டி உதிர்ப்பதும் எல்லாவற்றுக்கும் பலிக்காது. ஆமை எறும்புகளில் ஓர் இனமான செபலோட்டஸ் அட்ராட்டஸ் விழும்போதே காற்றில் திரும்பி அடிமரத்தைப் பற்றிக்கொள்ளும். 2005-இல் பதிவான இந்த வித்தையில் நூற்றுக்கு 85 எறும்புகள் தேறின.

காட்டு மரத்தைச் 'சுத்தம்' செய்யும் வழக்கம் எங்களுக்கு உடன்பாடில்லை. பட்ட குச்சி இவற்றுக்கு வீடு. படர்கொடி மரத்துக்கு மரம் போகும் பாதை. ஆளுக்கோ கட்டடத்துக்கோ ஆபத்தில்லாத குச்சியை மரத்திலேயே விடுங்கள்.