புற்றுநோய் என்று தெரிந்த பிறகு வரும் இரண்டாவது அறிக்கை

திருகோணமலையில் மார்பகக் கட்டிகளின் திசுவை நுண்ணோக்கியில் பார்ப்பது என் தொழில். முதல் அறிக்கையில் ‘புற்றுநோய்’ என்ற சொல்லைக் கண்டதும் குடும்பமே இடிந்துபோகிறது. அந்தக் கலக்கத்தில், பிறகு வரும் ஹோர்மோன் ஏற்பிப் பரிசோதனை அறிக்கையைச் சிலர் வாங்காமலே விட்டுவிடுகிறார்கள். எந்த மருந்து பலன் தரும் என்று சொல்வது அந்த அறிக்கைதான்.

மார்பகப் புற்றுநோய்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு, ஈஸ்ட்ரஜன் ஹோர்மோனின் தூண்டுதலால் வளர்பவை. அதைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் கலத்தின் கருவுக்குள் இருக்கின்றன. திசுவை மெழுகில் பதித்து, மெல்லியதாகச் சீவி நிறமேற்றினால், ஏற்பியுள்ள கருக்கள் கபில நிறமாகத் தெரியும். மற்றவை நீலமாகவே இருக்கும். புற்றுக் கலங்களில் நூற்றுக்கு ஒன்று கபிலமானாலே ‘பொசிட்டிவ்’ என்று எழுதுகிறோம். அத்தகையவர்களுக்குத் தமொக்சிபென் குளிசையோ, மாதவிடாய் நின்றவர்களானால் லெட்ரசோல் போன்றதோ, வழக்கமாக 5 ஆண்டுகளாவது கொடுக்கப்படும். ஏற்பி இல்லாதவர்களுக்கு இந்தக் குளிசைகளால் பயனில்லை. வேறு சிகிச்சை வேண்டும். ஹெர்-2 என்ற புரதத்தையும் இதே திசுவில்தான் பார்க்கிறோம்.

என்னை அதிகம் வருத்துவது, ஆய்வுகூடத்துக்கு வருமுன்னரே கெட்டுப்போகும் திசு. வெட்டியெடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அது, திசுவைக் கெடாமல் காக்கும் திரவமான 10 சதவீத போர்மலினில் இறங்க வேண்டும். அதில் 6 முதல் 72 மணி நேரம் ஊற வேண்டும். போர்மலின் மெதுவாகத்தான் உள்ளே இறங்கும். பெரிய கட்டியைக் கீறாமல் சிறிய போத்தலுக்குள் திணித்து அனுப்பினால், வெளிப்புறம் இறுகியிருக்கும். வெட்டிப் பார்த்தால் நடுப்பகுதி கூழாக இருக்கும். நமது ஊர் வெயிலில் இது இன்னும் விரைவாக நடக்கும். அந்தத் திசுவில் ‘நெகட்டிவ்’ என்று வந்தால் நான் உடனே நம்புவதில்லை. புற்றுக்குப் பக்கத்திலுள்ள நல்ல பால் நாளங்களைத் தேடிப் பார்ப்பேன். அவற்றில் சில கருக்களாவது கபிலமாக வேண்டும். அவையும் நீலமாகவே நின்றால், கெட்டது திசு. பரிசோதனையைத் திரும்பவும் செய்ய வேண்டும்.

தனியார் மருத்துவமனையில் சத்திரசிகிச்சை செய்தால், போத்தல் சில வேளை உறவினர் கையில் கொடுக்கப்படும். அதில் இருப்பது போர்மலின்தானா, திசு முழுவதும் மூழ்கியிருக்கிறதா என்று கேளுங்கள். சேலைனில் போட்டுத் தந்தால் வாங்காதீர்கள். மூதூருக்கோ குச்சவெளிக்கோ வீட்டுக்குக் கொண்டுபோய்த் திங்கட்கிழமை வரை வைத்திருக்காமல், நேராக ஆய்வுகூடத்தில் ஒப்படையுங்கள்.

‘அம்மாவுக்கு வயதாகிவிட்டது, இனி எதற்கு இந்தச் சோதனை?’ என்று பிள்ளைகள் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. வயது கூடக்கூட ஏற்பியுள்ள புற்றுநோயே அதிகம். கீமோதெரபியைத் தாங்க முடியாத ஒரு தாய்க்கு, தினம் ஒரு குளிசையில் நோயைப் பல ஆண்டுகள் அடக்கிவைக்க வழி இருக்கலாம்.

நோய் திரும்பி வேறு உறுப்பில் தோன்றினால், முடிந்தவரை அங்கிருந்தும் திசு எடுத்து ஏற்பியைப் பார்க்க வேண்டும்; சிலருக்கு முடிவு மாறிவிடுகிறது. அப்போது பழைய மெழுகுக் கட்டியும் தேவைப்படலாம். அதன் இலக்கம் முதல் அறிக்கையில் இருக்கும். இரண்டு அறிக்கைகளையும் கிளினிக் கொப்பியோடு சேர்த்து வையுங்கள்.